சத்தமில்லாத நடுத்தர நாய் தேவை

அந்த வீட்டில் நாய் வளர்ப்பது என்று முடிவானபோது பிள்ளைகள் இருவரும் குதிக்கவில்லை. குதித்தால் அப்பா விழித்துக்கொள்வார்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நிரந்தர இரவு வேலை. பொழுது சாயும்போது கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், விடிந்தபின் கொண்டுவந்து இறக்கும். பகல் முழுவதும் ஜன்னலில் கறுப்புக் கம்பளி தொங்கும் படுக்கையறையில் அவர் தூங்குவார். தூங்குவது அவர் ஒருவர்தான் என்றாலும், அவரைத் தூங்கவைப்பது மற்ற மூவருக்கும் முழுநேர உத்தியோகமாக இருந்தது. அதில் மேற்பார்வையாளர் பதவி மனைவிக்கு.

மனைவி பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். காலை முழுவதும் எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எந்த வண்டி இன்னும் கிளம்பவே இல்லை என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, மதியம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவாள். நிலைப்படி தாண்டியதும் அந்தக் குரல் தீப்பெட்டிக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கிவிடும்.

இதெல்லாம் போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது. ஒரு விடியற்காலை கிரேன்காரர் கண்ணசந்துவிட்டார். ஒரு இமைப்பொழுதுதான். மேலே தொங்கிக்கொண்டிருந்த இரும்புக் குழாய்க் கட்டு, கீழே நின்றிருந்த கொக்கிக்காரரின் தலைக்கவசத்தை உரசிக்கொண்டு இறங்கியது. கொக்கிக்காரர் என்பவர் சரக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு, மேலே கேபினில் இருப்பவருக்குக் கைச்சைகையால் வழி சொல்பவர். தலைக்கவசத்தில் கீறல் விழுந்தது, தலை தப்பித்தது. ஃபோர்மேன் விஷயத்தை மேலிடம் வரை கொண்டுபோகவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உன்னை நான் கீழ இறக்கிடுவேன். ஆனா அதுக்குள்ள அவன் மேல போயிருப்பான்" என்று மட்டும் சொன்னார்.

கிரேன்காரர் அதை வீட்டில் ஒரே ஒரு தடவை சொன்னார். மனைவிக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றே அழைப்புமணியின் கம்பியைப் பிடுங்கினாள். நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ் மாட்டினாள். எவர்சில்வர் பாத்திரம் மொத்தத்தையும் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டு பிளாஸ்டிக் தட்டுகள் வாங்கினாள். குக்கர் விசில் அடிக்கப்போகும் நேரம் பார்த்து அடுப்பை அணைத்துவிடுவதால், அந்த வீட்டில் எதுவும் முழு மனதோடு வேகவில்லை. சிரிப்பு வந்தால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரிக்க வேண்டும். தும்மல் வந்தால் தலையணை.

பேச்சுக்குப் பதில் கிரேன் சைகைகள் வந்தன. ஆள்காட்டி விரலை மேலே காட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு. கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து வீசினால் நிறுத்து. எழுந்திரு, உட்கார், வாயை மூடு என்று வீட்டுக்குத் தேவையான அர்த்தங்களை அவளே சேர்த்துக்கொண்டாள். கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் பெரியவளும் எட்டாவது படிக்கும் சின்னவனும் ரிமோட்டுக்காகப் போடும் சண்டையை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால், இரண்டு துறைமுகங்களுக்குள் எல்லைத் தகராறு என்று தோன்றும்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் ஒருநாள் மாலை, வேனுக்குக் கிளம்பிக்கொண்டே கிரேன்காரர் சொன்னார்: "புள்ளைங்க ரொம்ப நாளா கேக்குதுங்களே, ஒரு நாய் எடுத்துக்கலாமே."

மனைவி பூட்ஸ் நாடாவைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "நாயா?"

"ரொம்பச் சின்னதும் வேண்டாம், ரொம்பப் பெரிசும் வேண்டாம். நடுத்தரமா ஒண்ணு பாருங்க."

"என்னங்க, நாய்னா குரைக்கும்."

"குரைக்கட்டுமே" என்றார் அவர்.

தியாகம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பிள்ளைகளுக்காகத் தன் தூக்கத்தையே விட்டுக்கொடுக்கிற மனுஷன். மறுநாள் பிற்பகல், கதவுக்கு அந்தப் பக்கம் அவர் படுத்திருக்க, பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கிசுகிசுத்தாள். "நாய் வரட்டும். ஆனா பகல்ல ஒரே ஒரு தடவை குரைச்சாலும் அன்னிக்கே திருப்பி விட்டுடுவேன். அழுது ஆகாத்தியம் பண்ணக் கூடாது. அப்பா தூங்கலைன்னா கீழ நிக்கறவர் சாவாரு. இதுல எனக்கு வேற பேச்சு கிடையாது."

அவள் மிகைப்படுத்தவில்லை. கொக்கிக்காரருக்கு மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். குழந்தையைப் பார்க்கப் போய்வந்ததிலிருந்து அவளுக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்றிலிருந்து இன ஆராய்ச்சி தொடங்கியது. முழங்கால் உயரத்துக்கு மேற்படாத, கைக்குள் அடங்கிவிடாத நாய்களாக இணையத்தில் தேடினார்கள். பெரியவள் தொலைபேசியில் வீடியோக்களைப் போட்டாள். பகல்வேளை என்பதால் சத்தத்தை முழுவதுமாக அணைத்துவிட்டுத்தான் போட்டாள். எந்த நாய் எவ்வளவு குரைக்கும் என்பதை, அது வாயை எவ்வளவு அகலம் திறக்கிறது என்பதைப் பார்த்து மூவரும் மதிப்பிட்டார்கள். உலகத்திலேயே நாய்களின் குரலை இப்படி ஆராய்ந்தவர்கள் இவர்களாகத்தான் இருக்கும்.

பீகிள் முதல் சுற்றிலேயே வெளியேறியது. படத்தில் அது கழுத்தை வானத்துக்கு நீட்டி, வாயைக் குவித்து, மூச்சு முட்டும் வரை எதையோ முறையிட்டுக்கொண்டிருந்தது. "இது குரைக்கல, மனு கொடுக்குது" என்றான் சின்னவன். பார்டர் காலிக்கு மூளை அதிகம் என்று எழுதியிருந்தது. மூளை அதிகம் இருப்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்பது அம்மாவின் அனுபவம். பஸென்ஜி குரைக்காது என்று படித்ததும் மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்த வரியில், குரைப்பதற்குப் பதில் ராகம் போட்டு ஊளையிடும் என்று இருந்தது. புல்டாக் குரைப்பது குறைவு, ஆனால் குறட்டை விடும்.

"குறட்டை பரவாயில்லம்மா. அப்பாவும்தான் விடுவாரு" என்று பெரியவள் கிசுகிசுத்தாள்.

"அவரு இப்பல்லாம் விடறதில்ல. மழைக்காலத்துக்கு அப்புறம் ஒரு நாள்கூட இல்ல. நாம சத்தம் போடாம இருக்கறதால நல்ல தூக்கம். அசையறதுகூட இல்ல." அதைச் சொல்லும்போது அவளுக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது.

விப்பெட் என்று ஒல்லியான ஒன்று தேறியது. அமைதி, அடக்கம், பகல் முழுக்கத் தூங்கும். சின்னவன் அதன் விலா எலும்புகளைப் பார்த்துவிட்டு, "பாக்கறவங்க நாம சோறு போடலைன்னு சொல்லுவாங்க" என்றான். அதுவும் போயிற்று. கடைசியில் இனம் கிடக்கட்டும், குணத்தைப் பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை நாய்கள் காப்பகத்துக்குப் போனார்கள். கிரேன்காரர் வரவில்லை. அவர் தூங்க வேண்டும்.

காப்பகத்துக்காரம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அங்கே வேலை பார்க்கும் எவருக்கும் தொண்டை கட்டத்தான் செய்யும், ஏனென்றால் நடைபாதையின் இரண்டு பக்கமும் எல்லா நாய்களும் ஒன்றாகக் குரைத்துக்கொண்டிருந்தன. அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம் என்று திரும்பும்போது கடைசிக் கூண்டில் ஒன்றைப் பார்த்தாள். வெள்ளை உடம்பு, ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் பழுப்பு. முழங்கால் உயரம். சுற்றிலும் அவ்வளவு களேபரம் நடந்தும், அது பேருந்துக்குக் காத்திருக்கும் பெரியவரைப்போல உட்கார்ந்திருந்தது.

சின்னவன் பழக்கதோஷத்தில் விரலை மேலே காட்டிச் சுற்றினான். நாய் எழுந்து நின்றது. பெரியவள் விரலைக் கீழே காட்டிச் சுற்றினாள். உட்கார்ந்தது.

காப்பகத்துக்காரம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். "இது யார் பேச்சையும் கேக்காதே. ரெண்டு வீட்ல கொண்டுபோய் வெச்சுப் பார்த்து, வேண்டாம்னு திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டாங்க. தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காது, அவ்ளோ திமிருன்னாங்க. நீங்க என்ன பண்ணீங்க?"

"நாங்க ஒண்ணும் பேசல" என்றாள் அம்மா. அது உண்மை.

"குரைக்குமா?"

"இங்க வந்ததுலேர்ந்து நான் கேட்டதில்ல. பாதி ஸ்பானியல்னு நினைக்கிறோம், மீதி என்னன்னு அதுக்கே தெரியாது. அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் வெச்சுப் பாருங்க. ஒத்துவரலைன்னா கொண்டுவந்து விட்டுடலாம்."

சின்னவன் அதற்கு மீடியம் என்று பெயர் வைத்தான். பெயரை யாரும் சத்தமாகச் சொல்லப்போவதில்லை என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அந்த வாரம் அவளுக்கு வாரமாக இல்லை. நாய் கொட்டாவி விட்டால்கூட அவள் நெஞ்சு திடுக்கென்றது. வாய் திறப்பது எதற்கென்று தெரியாதே. மதியங்களில் படுக்கையறைக் கதவுக்கும் நாய்க்கும் நடுவில் ஒரு தலையணையோடு உட்கார்ந்திருந்தாள். குரைத்தால் அமுக்குவதற்கு. மாடிப்படியில் காலடி கேட்டால் கையை நீட்டித் தயாராவாள். எதிர்வீட்டு ஸ்கூட்டர் முக்கி முனகிக் கிளம்பும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வாள். மீடியம் எதற்கும் அசையவில்லை. கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கை சொன்னால் எழுந்தது, கை சொன்னால் படுத்தது. பிள்ளைகளைவிட மேல்.

பேருந்து நிலையத்தில் நேரக் கண்காணிப்பாளர் விசாரித்தார். "என்னம்மா, நாய் எப்படி?"

"வீட்ல இருக்கா இல்லையான்னே தெரியல அண்ணே."

"அப்ப ஒரு பொம்மை வாங்கியிருக்கலாமே. தீனிச் செலவு மிச்சம்."

அவள் சிரித்துவிட்டு மைக்கை இழுத்துக்கொண்டாள். ஆனால் வெள்ளிக்கிழமை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள், அதைக் கதவுநிலையில் மோதி, வீடே அதிரும்படி ஒரு நாதம் எழுப்பியபோது, அவளும் பிள்ளைகளும் சிலையானார்கள். வாசலுக்கு முதுகைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்த மீடியத்துக்குக் காதுமடல்கூட ஆடவில்லை. நம் வீட்டுக்கென்றே பிறந்த ஜென்மம் என்று அவள் மனதுக்குள் மெச்சினாள். உள்ளே கிரேன்காரரும் எழுந்து வரவில்லை. இரண்டு பேருக்கும் நல்ல தூக்கம்.

சனிக்கிழமை பிற்பகல் சாயும் நேரத்தில் நாயைக் குளிப்பாட்டலாம் என்று தோன்றியது. பெரிய அலுமினியத் தொட்டி பரணில் இருந்தது. அவள் சமையலறையில் ஸ்டூல் போட்டு ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். தொட்டி பாத்திரச் சாக்கின் மேல் சாய்ந்திருந்தது அவளுக்குத் தெரியாது.

சாக்கு முதலில் யோசிப்பதுபோல விளிம்பில் நின்றது. பிறகு வந்தது. தட்டு, டம்ளர், கரண்டி, தூக்குவாளி, அடுக்கு, சல்லடை என்று அந்தக் குடும்பம் மழைக்காலத்திலிருந்து போடாமல் சேர்த்துவைத்திருந்த சத்தம் மொத்தமும் ஒரே தவணையில் சிமெண்ட் தரையில் இறங்கியது. கடைசியாக ஒரு பெரிய மூடி, தரையில் சாய்ந்து சுழன்று, வட்டம் சிறுத்துச் சிறுத்து, படபடவென்று அடித்துக்கொண்டு, நிற்கவே மாட்டேன் என்றது.

ஸ்டூல் மேல் அவள் இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றாள். கூடத்திலிருந்து பிள்ளைகள் ஓடிவந்து நின்றார்கள். மூன்று பேருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. சமையலறை வாசற்படிக்கு அப்பால், அவர்களுக்கு முதுகைக் காட்டி, மீடியம் தூங்கிக்கொண்டிருந்தது. வயிறு ஒரே சீராக ஏறி இறங்கியது. ஒரு டம்ளர் உருண்டுபோய் அதன் பின்னங்காலில் தட்டியதும்தான் கண்ணைத் திறந்தது. திரும்பி டம்ளரைப் பார்த்தது. சிதறிக்கிடந்தவற்றைப் பார்த்தது. இதெல்லாம் எப்போது வந்தன என்பதுபோல அவளைப் பார்த்தது.

"அம்மா" என்றாள் பெரியவள். "இதுக்குக் காதே கேக்காதும்மா."

அவள் கண் படுக்கையறைப் பக்கம் போயிருந்தது. படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. கிரேன்காரர் அங்கே நின்றுகொண்டிருந்தார். மூடி இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

அவள் மெல்ல இறங்கினாள். முதலில் மூடியைக் காலால் மிதித்து நிறுத்தினாள். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தலைமுடி கலையவில்லை. கன்னத்தில் தலையணைக் கோடு இல்லை. கண் மட்டும் மிளகாய் பட்டதுபோலச் சிவந்திருந்தது.

"இது செவிடா?" என்றார் அவர் நாயைக் காட்டி.

"அதை விடுங்க. நீங்க தூங்கலையா?"

"இவ்ளோ சத்தம் போட்டா முழிக்க மாட்டாங்களா?"

"முழிச்சு, எழுந்து, தாழ்ப்பாளைத் திறந்து, இங்க வரதுக்கு நேரம் ஆகும். மூடி நிக்கறதுக்குள்ள வந்துட்டீங்க. நேத்து சிலிண்டர்காரன் அவ்ளோ பெரிய சத்தம் போட்டான், எழுந்து வரல. தூங்கறவர் இன்னிக்கு மட்டும் எப்படி ஓடி வரீங்க?"

"இன்னிக்கு ஸ்டூல் சத்தமும் கேட்டுச்சு. நீ விழுந்துட்டியோன்னு நினைச்சேன்."

சாக்ஸ் மாட்டிய ஸ்டூல் அது. அது நகரும் சத்தம் சமையலறையிலேயே கேட்காது. அது கேட்டிருக்கிறது என்றால், உள்ளே இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு காதால் வீடு முழுக்க நடமாடிக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்குக் குறட்டை ஞாபகம் வந்தது. அசையாத உடம்பு ஞாபகம் வந்தது. அவள் இத்தனை நாளும் பெருமைப்பட்ட அத்தனையும் வரிசையாக வந்து எதிரே நின்றன.

"எத்தனை நாளா?" என்றாள். குரல் தீப்பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

அவர் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தார். நாய் நகர்ந்து இடம் கொடுத்தது. "அன்னிலேர்ந்துதான். கண்ணை மூடினா குழாய்க் கட்டு இறங்குது. சரி, அது போனாப் போகுதுன்னு திரும்பிப் படுத்தா, நீங்க."

"நாங்க என்ன பண்ணோம்?"

"ஒண்ணும் பண்ணல. அதான். வீடே மூச்சைப் பிடிச்சிக்கிட்டு நிக்குது. பரீட்சை ஹால்ல உக்கார வெச்ச மாதிரி இருக்கு. அவரு தூங்கிட்டாரா, தூங்கிட்டாரான்னு மூணு பேர் கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கறது எனக்குத் தெரியாதா? சின்னவன் தும்மலை அடக்கறது கேக்குது. நீ செருப்பைக் கழட்டறது கேக்குது. தூங்கித் தொலைக்கணுமேன்னு படுத்துக் கிடக்கேன்."

"அப்பா, சொல்லியிருக்கலாமே" என்றாள் பெரியவள்.

"எப்படிச் சொல்றது? உங்க அம்மா குக்கரைக்கூட விசிலடிக்க விடாம பழக்கி வெச்சிருக்கா. போதும்னு எந்த வாயால சொல்றது? அதான் நாய் எடுக்கலாம்னேன். ஒரு நாய் வந்து நாலு தடவை குரைச்சா வீடு வீடா ஆயிடும்னு பார்த்தேன். நாய் செய்யற வேலையே அது ஒண்ணுதானே. நீங்க என்னடான்னா ஊரெல்லாம் சலிச்சு, ஊமை மாதிரி ஒண்ணைப் பிடிச்சுட்டு வந்து நிக்கறீங்க."

சின்னவனுக்குச் சிரிப்பு வந்தது. குளியலறைக்குப் போவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு தானாகவே போய்விட்டது.

"தூங்காமயே தினமும் மேல ஏறறீங்களா?"

அவர் நாயின் காதைப் பிடித்து மடித்து விட்டார்.

"என்னங்க. கேக்கறேன்ல."

"மேல ஏறினா வருது" என்றார் மெதுவாக. "இங்க வராத தூக்கம் அங்கதான் வருது. கேபின்ல இன்ஜின் சத்தம் ஒரே மாதிரி ஓடிட்டே இருக்கும். வியாழக்கிழமை சொருகிடுச்சு. முழிச்சுப் பார்த்தா சரக்கு காத்துல ஆடிக்கிட்டு இருக்கு. கீழ அவன் ரெண்டு கையையும் வீசிட்டு இருக்கான். நல்லவேளை, இறக்கல."

அவள் காலுக்கடியில் இருந்த மூடி அசைந்து ஒரு சத்தம் போட்டது. யாரும் திரும்பவில்லை.

"இன்னிக்குப் போகாதீங்க."

"விளையாடறியா? தூக்கம் வரலைன்னு சொன்னா அவ்ளோதான். புதுப் பையன் ஒருத்தன் அந்த சீட்டைப் பார்த்துட்டே நிக்கறான். ஒரு தடவை இறங்கினா இறங்கினதுதான். அப்புறம் கீழ கயிறு சுத்தற வேலைதான்."

"சுத்துங்க."

"இத்தனை வருஷம் மேல உக்காந்தவன்" என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் எழுந்து சட்டையை எடுத்தார். அவள் எதிரில் போய் நின்றாள். அவர் சுற்றிக்கொண்டு போய் பூட்ஸை எடுத்தார். பிள்ளைகள் இருவரும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். அவள் சாப்பாட்டுப் பையை எடுத்து ஒளித்துவைத்தாள். அவர் இரண்டு நிமிஷம் தேடி, அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து கண்டுபிடித்தார். அந்த வீட்டில் பொருள்களை அவர் காதால் அறிந்துவைத்திருந்தார்.

அப்போது கூடத்துச் சுவரில் வெளிச்சம் இரண்டு தடவை வந்து போனது. வேன். ஹாரன் அடிக்கக் கூடாது, விளக்கைப் போட்டுக் காட்டினால் போதும் என்று டிரைவரிடம் சொல்லி வைத்தவளும் அவள்தான்.

அவர் நாடாவைக் கட்டக் குனிந்தார். அவள் வெறுங்காலோடு கதவைத் திறந்துகொண்டு படியிறங்கி ஓடினாள்.

வேனின் முன்சீட்டில் ஃபோர்மேன் இருந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர், அரைத் தூக்கமும் கால் தூக்கமுமாக. அவள் ஜன்னலருகே போய் நின்றாள். மூச்சு வாங்கியது. வாயைத் திறந்தபோது வந்தது வீட்டுக் குரல் இல்லை, நிலையத்துக் குரல். ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக, தெருவின் இரண்டு முனைக்கும் கேட்கிற மாதிரி.

"அவர் இன்னிக்கு வேலைக்கு வர மாட்டார். அவர் தூங்கி மாசக்கணக்காச்சு. வியாழக்கிழமை கேபின்லயே தூங்கியிருக்கார்."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. வேனுக்குள் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள்.

"அம்மா, கொஞ்சம் மெதுவா" என்றார் ஃபோர்மேன்.

"மெதுவாப் பேசித்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கோம்."

பின்சீட்டிலிருந்து ஒருவர் முன்னால் நகர்ந்து வந்தார். கொக்கிக்காரர். அந்தக் கீறல் விழுந்த தலைக்கவசம் இன்னும் மடியில்தான் இருந்தது. "எனக்குத் தெரியும் அண்ணி" என்றார்.

"என்ன தெரியும்?"

"வியாழக்கிழமை நான் கை காட்டிட்டே இருக்கேன், சரக்கு சும்மா ஆடுது. தூங்கிட்டாருன்னு தெரிஞ்சுது."

ஃபோர்மேன் திரும்பினார். "அப்ப ஏண்டா சொல்லல?"

"சொன்னா அண்ணன் வேலை போயிடுமே."

"அதுக்காகக் கீழ போய் நின்னியா?"

"என் இடம் அதானே" என்றார் கொக்கிக்காரர்.

அதற்குள் கிரேன்காரர் வந்துவிட்டார். ஒரு கையில் சாப்பாட்டுப் பை. முகம் கறுத்திருந்தது. மனைவியைப் பார்க்கவில்லை. வேனின் பக்கக் கதவைத் தள்ளி, ஒரு காலைப் படியில் வைத்தார்.

"அவ ஏதோ பயந்துபோய் சொல்றா. எடுங்க வண்டியை."

ஃபோர்மேன் கண்ணாடி வழியாக அவர் கண்களைப் பார்த்தார். டிரைவர் எடுக்கலாமா என்று ஃபோர்மேனைப் பார்த்தார். அவள் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இழுத்துச் சாத்தினால் விரல் போகும் என்று தெரிந்தே பிடித்துக்கொண்டாள்.

கொக்கிக்காரர்தான் பேசினார். கோபமே இல்லாமல் பேசினார். "அண்ணே, நீங்க ஏறுங்க. உங்களுக்கு வேலை செய்ய முடியும்னா முடியும். நான் எப்பவும் நிக்கற இடத்துலதான் நிப்பேன். முடியும்னு ஒரு வார்த்தை என் முகத்தைப் பார்த்துச் சொல்லிடுங்க, போதும்."

கிரேன்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வேனின் இன்ஜின் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய இமை ஒருமுறை கனத்து இறங்கி, வெடுக்கென்று மேலே ஏறியது. அதை மனைவி பார்த்தாள். கொக்கிக்காரரும் பார்த்தார்.

படியிலிருந்த கால் தரைக்கு வந்தது.

"புதுப் பையனை மேல ஏத்துங்க" என்றார். "காத்து வீசினா அவசரப்பட வேண்டாம்னு சொல்லுங்க."

"டாக்டரைப் பார்த்துட்டு திங்கக்கிழமை ஆபீஸுக்கு வா" என்றார் ஃபோர்மேன். "சீட் இருக்கும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது."

"கேக்கலையே."

கொக்கிக்காரர் கதவை இழுத்துச் சாத்தும் முன் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். வேன் தெருமுனை திரும்பி மறையும் வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

"எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிட்ட" என்றார் அவர்.

"ஆமா."

"எதிர்வீட்டுக்காரன் வரைக்கும் கேட்டுச்சு."

"அவன் என்ன, அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும்."

அவர் சாப்பாட்டுப் பையை அவள் கையில் கொடுத்தார். படியேறும்போது அவளுக்கு அழுகை வந்தது. அதைச் சத்தமாகவே அழுதாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு படி பின்னால் வந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்குள் பிள்ளைகள் பாத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பொறுக்குவதைவிட அதிகம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மீடியத்தை நாளைக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்று பெரியவள் சொல்ல, அதைச் சொல்ல நீ யார், நானும் அதைத்தான் சொல்கிறேன் என்று சின்னவன் கத்த, ஒரே கருத்தை இருவரும் கரண்டிகளோடு எதிரெதிராக நின்று வாதாடினார்கள்.

மீடியம் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. அவர்கள் உள்ளே வந்தது அதற்குத் தெரியவில்லை.

"இதை எப்படிக் கூப்பிடறது?" என்று அவர் கேட்டார்.

"திரும்பினாத்தான் கை காட்ட முடியும்" என்றாள் பெரியவள்.

கிரேன்காரர் சற்று யோசித்தார். பிறகு பூட்ஸ் காலைத் தூக்கி, குதிகாலால் தரையில் ஓங்கி மிதித்தார். அதிர்வு தரையோடு போய் நாயைத் தொட்டது. அது திரும்பிப் பார்த்து, வாலை ஆட்டியது. அவர் இன்னொரு தடவை மிதித்தார். நாய் எழுந்து வந்தது.

மூன்றாவது தடவை மிதித்தபோது கீழ்வீட்டுக்காரர்கள் துடைப்பக் கட்டையால் தங்கள் கூரையைத் தட்டினார்கள். மாடியில் ஆள் குடியிருப்பது அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.